வெந்நீருக்கும் பில்!

"ரெண்டு நாளைக்கு நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. உட்கார்ந்த இடத்துக்குக் காபி வரணும்" என்று என் கணவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் எங்கள் 25-வது கல்யாண நாள். அதற்காக இரண்டு வருஷமாகச் சீட்டுக் கட்டியிருக்கிறார் மனிதர், எனக்குத் தெரியாமலே! கொடைக்கானலில் ஒரு பெரிய ஹோட்டலில், நாளைக்கு 8,500 ரூபாய் வாடகையில் அறை எடுத்துவிட்டார். வந்திருந்த மகளையும் எட்டு மாதப் பேத்தியையும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கூடுதல் கட்டிலுக்கும் பணம் கட்டினோம்.

மதுரையிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமே, அதை மகள் எடுத்துவிட்டாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏறக் காது அடைத்தது. வெள்ளி அருவிச் சாரல் முகத்தில் பட்டதும் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. கொடைக்கானல் ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே அருவியாக விழுகிறதாம்.

ஹோட்டல் வாசலில் சல்யூட், சந்தனம் எல்லாம் தடபுடல். அறைக்குள் போன பிறகுதான் சங்கதி தெரிந்தது. ஜன்னல் கொக்கி மாட்டவில்லை. கம்பளியில் ஈர வாடை. கூடுதல் கட்டில் என்று வந்தது, தரையில் போடுகிற மெத்தை! ஏழாயிரம் அடி உயரத்தில் தரை எப்படிச் சில்லிடும்? இவர்தான் அதில் படுத்தார். குளியலறையில் ஆள் படுக்கிற அளவு தொட்டி; வெந்நீரோ காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். தொட்டிக்குள் எங்கள் பெட்டிகளை வைத்தோம்!

ராத்திரி ஒரு மணிக்குப் பேத்தி பாலுக்கு அழுதாள். புட்டிப்பால் கரைக்கக் கொதித்த தண்ணீர் கேட்டுப் போன் செய்தால், "கிச்சன் மூடியாச்சு, மேடம்" என்றார்கள். கெஞ்சிக் கேட்டு, முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிளாஸ்க் வந்தது. அதுவரை குழந்தை வீறிட்டதில் மகளும் அழுதுவிட்டாள். ஜன்னல் இடுக்கில் என் பழைய புடவையைத் திணித்துவிட்டு, விடியும்வரை பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ஏரிக்கரை டீக்கடையில்தான் பிளாஸ்க்கை நிரப்பினோம். "குழந்தைக்குத்தானேம்மா" என்று கடைக்காரம்மா காசு வாங்கவில்லை.

இரண்டாம் நாளும் அதே கதைதான். கிளம்பும்போது பில் வந்தது. ஹீட்டருக்கு 600, வெந்நீருக்கு 80, சாப்பாட்டின் மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவிகிதம்!

"விடும்மா, நாலு பேர் பார்க்கிறாங்க" என்றார் இவர். பால் கணக்கிலிருந்து மளிகைச் சீட்டுவரை பைசா பைசாவாகப் பார்க்கிறவள் நான். சீட்டுப் பணத்தை விடுவேனா? "நீங்க தந்தது கட்டிலா, மெத்தையா? நாங்க ஹீட்டர் கேட்டோமா? அதை நீங்க கொண்டு வந்தீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. கட்டில் பணமும் ஹீட்டர் பணமும் கழிந்தன. சர்வீஸ் சார்ஜ் விதியை மகள் போனில் எடுத்துக் காட்டினாள், அதுவும் போயிற்று. வெந்நீர் 80 ரூபாய் மட்டும், "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, மேடம்!"

அந்த விதியை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. வேறு, அது கட்டித்தான் ஆக வேண்டும். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

கைக்குழந்தையோடு மலைக்குப் போகிற இளம் தாய்மார்களே! வெந்நீர் எத்தனை மணிவரை, ராத்திரி கிச்சன் உண்டா, கூடுதல் கட்டில் என்றால் கட்டில்தானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு மின்சாரக் கெட்டிலும் நல்ல பிளாஸ்க்கும் பெட்டியில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் மலைப்பூண்டு வாங்கினேன். இவர் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "உன்னை ஏமாத்திட்டேன் இல்லே?" என்றார். "ரெண்டு வருஷம் எனக்காகச் சீட்டுக் கட்டினீங்களே, அது ஏமாத்தறதா?" என்றேன்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கும் முன் அடுக்களையில் சத்தம். உட்கார்ந்த இடத்துக்குக் காபி வந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்!