தீப்பெட்டி ரயில்

ரயில் செய்ய அதிகச் சாமான் வேண்டியதில்லை. நாலு காலித் தீப்பெட்டி, இருபது சோடா மூடி, துடைப்பக் குச்சி, கொஞ்சம் மைதாப் பசை. எஞ்சினுக்குப் பவுடர் டப்பா. மூடியின் நட்ட நடுவில் ஆணியால் ஓட்டை போடுவதுதான் கஷ்டம். சற்றே விலகினாலும் வண்டி நொண்டும். போடியில் என் பேரன் செய்த வண்டி நொண்டத்தான் செய்தது. எனக்கு அந்த நொண்டல் பிடித்திருந்தது.

அவன் பிறந்தது 2012-இல். 1928-இல் முதன்முதலில் வந்த மதுரை - போடி ரயிலை, அகலப் பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். ஊரில் ஸ்டேஷன் உண்டு, ரயில் இல்லை. ஆகவே பையன் கேள்வி ஞானத்தில் ரயில் கட்டினான்.

ஒரு நாள் மலைமேல் ஓடிய குண்டளை ரயிலைப் பற்றிச் சொன்னேன். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம். வண்டியை இழுத்தது மாடு! தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1908-இல் நீராவி எஞ்சின் வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலையே கொண்டு போயிற்று.

மறுநாள் பார்க்கிறேன், எஞ்சினுக்கு முன்னால் திருவிழாவில் வாங்கிய மண் மாடுகள் இரண்டு. பெட்டிகள் நிறைய ஏலக்காய்த் தோல். துணிக் கொடியிலிருந்து நூலில் ஒரு தீப்பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் இருக்கையில் மாடு எதுக்குடா?"

"எஞ்சின் நின்னுபோனா என்ன செய்றது, தாத்தா?"

போடிக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான்!

2023 ஜூன் 15-ஆம் தேதி ரயில் மறுபடி வந்தது. கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். மாடுகளை மட்டும் அவிழ்க்கவில்லை.