கல்லில் எஞ்சிய முகங்கள்



“பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், கோயில்களைப் படமெடுக்கக் கடல் கடந்து போவானேன்?” என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். உங்களுக்கும் அந்த ஐயம் எழலாம். பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு நம் வேதம் பலமுறை வலியுறுத்துகிறது. கல்லூரியில் வரலாறு பயின்றவன் நான். வழிபட அன்று, படிக்கவே போனேன்.

கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்கு வடக்கே பரந்து கிடக்கிறது அங்கோர். 9ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசு அங்கிருந்து ஆண்டது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட் ஆலயம் மேற்கு நோக்கியது. ஆகவே விடியற்காலையில் கோபுரங்களுக்குப் பின்னால்தான் கதிரவன் எழுகிறான். படத்தில் கோபுரங்கள் கரிய நிழலுருவாகவே விழுகின்றன. முகப்பின் செதுக்கு வேலைகளைக் காண விரும்புவோர் பிற்பகலில் செல்ல வேண்டும். இதை அறியாத நான் முதல் நாள் முழுவதும் கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். இரவு விடுதியில் பார்த்தால், உச்சிவேளையில் எடுத்த சிற்பங்கள் அனைத்தும் உயிரற்ற சுவர்களாகத் தெரிந்தன.

1866இல் இங்கு வந்து படமெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சனை நினைத்து வெட்கினேன். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஒரு படத்துக்கே அத்தனை பாடு! விரலால் தொட்டால் நூறு படம் விழும் காலத்தில் நாமோ பார்க்காமலேயே எடுக்கிறோம்.

மறுநாள் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேயோன் ஆலயத்துக்குச் சென்றேன். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய ஆலயம் அது. கோபுரங்களில் ஏறத்தாழ 200 பெரும் முகங்கள் நாற்றிசையும் நோக்கிப் புன்னகைக்கின்றன. ஆயினும் என்னை நிறுத்தி வைத்தவை கீழே, தெற்குப் புறச்சுவரில் உள்ள சிற்பங்கள். மீன் விற்கும் பெண்கள், சேவற்சண்டை, அடுப்பில் வேகும் சோறு, மகவீனும் தாய் என எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய எளிய மக்களின் வாழ்வு அங்கே இருக்கிறது. இளங்காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது ஒவ்வொரு உருவமும் சுவரிலிருந்து எழுந்து நின்றது. அப்போதுதான் கேமராவை எடுத்தேன்.

அச்சுவரிலேயே ஒரு நீர்ப்போர். படகுகளுக்கு அடியில் மீன்கள் நீந்துகின்றன. ஒரு படையினர் தலையில் கவிழ்த்த பூப்போன்ற கவசம். அவர்களே சாம் மக்கள். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டினர். அந்நாளில் அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இஸ்லாம் அவர்களிடையே பரவியது பிற்காலத்தில். சம்பா வீழ்ந்தபின், தாங்கள் போரிட்ட இதே கெமர் மண்ணில் அவர்களுள் பலர் தஞ்சம் புகுந்தனர். இன்று கம்போடிய முஸ்லிம்களில் பெரும்பாலோர் அவர்கள் வழிவந்தவர்களே. வென்றவன் தன் பகைவனின் முகத்தையும் செதுக்கி வைத்தான். அதனால் அந்த முகம் நமக்குக் கிடைத்தது.

அருகே பாபுவோன் ஆலயம். அதைச் செப்பனிட 1960களில் பிரெஞ்சு அறிஞர்கள் கற்களைப் பிரித்துக் காட்டில் அடுக்கினர். ஏறத்தாழ 3 லட்சம் கற்கள்! போர் மூண்டது, 1975இல் கெமர் ரூஜ் ஆட்சி வந்தது, எந்தக் கல் எங்கே இருந்தது என்ற குறிப்புகள் அழிந்தன. 1995இல் மீண்டும் தொடங்கியவர்களுக்குப் பாரிஸில் எஞ்சியிருந்த பழைய புகைப்படங்கள் கைகொடுத்தன. 2011இல் ஆலயம் எழுந்து நின்றது. திருடப்பட்ட சிலைகளின் கதையும் அதுவே. 1993இல் காணாமற்போன நூறு கலைப்பொருள்களின் படங்களை ஒரு நூலாக வெளியிட்டனர். அதைக் கொண்டு சிலவற்றை அடையாளம் கண்டு மீட்டனர். படம் என்பது சாட்சியம் என்று அன்று உணர்ந்தேன்.

மாலை அஸர் தொழுகைக்கு சியெம் ரீப் பள்ளிவாசலுக்குச் சென்றேன். ஸலாம் ஒன்றே எங்கள் பொதுமொழி. தொழுகைக்குப் பின் எழுபதைக் கடந்த ஒரு சாம் முதியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். மலேசியாவில் படித்துத் திரும்பிய அவருடைய பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். கேமராவில் இருந்த சாம் வீரர்களைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எண்ணூறு ஆண்டுக்கு முந்திய எங்கள் ஆள்களுக்கு முகம் இருக்கிறது, உஸ்தாத். என் தகப்பனாருக்கு இல்லை.”

அவருடைய தந்தை மீகாங் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர், என்னைப் போல. கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, தொழுகை தடுக்கப்பட்டது, குர்ஆன் பிரதிகள் பறிக்கப்பட்டன. ஓர் இரவு அழைத்துச் செல்லப்பட்ட அவர் திரும்பவில்லை. வீட்டில் இருந்த ஒரே படமும் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது போயிற்று. சாம் மக்களுக்கு எதிராக நடந்தது இனப்படுகொலையே என்று 2018இல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. “தீர்ப்பு வந்தது; முகம் வரவில்லை” என்றார் பெரியவர்.

எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அவரே பேரப்பிள்ளைகளை அழைத்துப் பள்ளியின் திண்ணையில் தம் அருகே அமர்த்திக்கொண்டு, “எடுங்கள்” என்றார். சாய்ந்த வெயில் அவர் கன்னத்துச் சுருக்கங்களில் விழுந்திருந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் அதை அச்சிட்டு அனுப்பினேன். பின்புறத்தில் அனைவர் பெயரையும் எழுதினேன். முதலில், படத்தில் இல்லாத அந்தத் தகப்பனாரின் பெயரை.

வாசகர்களே! படமெடுப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். உங்களுக்குச் சரியெனப்பட்டதைச் செய்யுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய படங்கள் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மூத்தவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பின்னும் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். படமே இல்லையெனில், பெயர்களையாவது எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.