பெட்டிக்குள் உறங்கிய பட்டு

காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், மாலை வேளையில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். சுண்ணாம்பு பூசிய சுவர்களும் மரத்தூண்களும் கொண்ட பழைய ஓட்டு வீடு. உள்ளறை வாயிலில் தொங்கிய திரைச்சீலை என் கண்ணை ஈர்த்தது. அரக்கும் மஞ்சளுமாய்ப் பெரிய கட்டங்கள், அகன்ற கரை. அந்த எளிய வீட்டுக்கு அதுவே தனியழகு தந்தது.

“எங்கே வாங்கியது?” என்று கேட்டேன்.

“வாங்கலை சாமி. எங்க மாமியார் கட்டின கண்டாங்கி. பெட்டியில கெடந்து மக்குறதுக்கு இப்படித் தொங்கட்டுமேன்னு மாட்டிட்டேன். உள்ளே போகையில எல்லாம் அவுக கை பட்ட மாதிரி இருக்கு” என்றார் இல்லத்தரசி.

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. காரணம் உண்டு.

என் அன்னை 1999-இல் மறைந்தபோது, அவரது மணநாள் பட்டுச்சேலையைத் தமக்கையும் நானும் பயபக்தியோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். தமக்கையின் மகள் தன் திருமணத்தில் அதை உடுத்த விரும்பியதால் 2019-இல் பெட்டியைத் திறந்தோம். கட்டிலில் வைத்து ஒரு மடிப்பைப் பிரித்ததும், காய்ந்த ஓலைபோல் மடிப்பு நெடுகிலும் சேலை கிழிந்தது. “அம்மா இதை நாலு தடவைகூடக் கட்டலையே தம்பி” என்று கூறித் தமக்கை அப்படியே அமர்ந்துவிட்டார். சிக்கனம் கருதி அன்னை உடுத்தவில்லை. மரியாதை கருதி நாங்கள் தொடவில்லை. அந்த மரியாதையே சேலையை அழித்துவிட்டது.

ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டின் இழைகள் அம்மடிப்பிலேயே நலிந்து முறிகின்றன என்பதைப் பின்னரே அறிந்தேன். சரிகையிலுள்ள வெள்ளிக்காகப் பழம்பட்டு வாங்கும் வணிகர் ஒருவர் விலை பேசினார். தமக்கை இசையவில்லை. கிழியாதிருந்த முந்தானையை வெள்ளைப் பருத்தித் துணியின்மேல் வைத்துத் தைத்தார். இன்று அது அவர் வீட்டுக் கூடத்தில், வெயில் படாத சுவரில் தொங்குகிறது. பேரப்பிள்ளைகள் அதைக் காட்டி, “இது யாருடையது?” என்று கேட்கிறார்கள். பூட்டிக் கிடந்த இருபது ஆண்டுகளில் அக்கேள்வியை எவரும் கேட்டதில்லை.

ஆயினும் வெளியே எடுத்து மாட்டினால் மட்டும் போதாது. வெயிலும் துணிக்குப் பகையே. செட்டிநாட்டுக் கண்டாங்கி கனத்த பருத்தி நெசவு. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய உறுதியான துணியும் மேற்கு வெயில் நேரே விழும் சன்னலில் வெளிறிவிடும். உள்வாயிலே அதற்கு ஏற்ற இடம். சேலையை வெட்டாமல் மேல்விளிம்பை மடித்து, துணி வளையங்கள் தைத்து, மூங்கிற்கழியில் கோத்து மாட்டலாம். சன்னலில்தான் மாட்டவேண்டுமெனில் வெயில்புறம் வெள்ளைத்துணி உட்சீலை தையுங்கள். துவைக்குமுன் ஈரமான வெள்ளைத்துணியால் ஒரு மூலையை ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்; ஒட்டாவிடில் பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பழம்பட்டைத் திரையாகத் தொங்கவிடாதீர்கள். தன் பாரத்தாலேயே கிழியும். பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றிய உருளையில் சுருட்டி வைப்பது நலம். இயலாவிடில் சில மாதங்களுக்கொருமுறை மடிப்பையேனும் மாற்றுங்கள். கஞ்சி போட்ட பருத்தித் துணியை அப்படியே பெட்டியில் வைக்கவேண்டாம். கஞ்சி பூச்சிகளை அழைக்கும். உடுத்த முடியாத அளவு நைந்த பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் கட்டிலுக்கு விரிப்பும் திண்ணைக்கு மெத்தையும் ஆகும்.

அன்பர்களே, வீட்டை அழகுபடுத்தக் கடைக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதியவர் இருந்தால் அருகில் அமர்த்தி, எது எவருடையது என்று கேளுங்கள். வேறொன்றும் செய்ய இயலாவிடினும், ஒரு மடிப்பையாவது இன்று மாற்றி வையுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.