புல்லை அளக்கும் ஊர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் வைகாட்டோ சமவெளி வந்துவிடும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்காக மாட்டமாட்டா ஊருக்குப் பக்கத்தில் போட்ட செட்டைப் பார்க்கத்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். நாங்களும் அதற்காகத்தான் போனோம். ஆனால் இன்றும் மனதில் நிற்பது, நாங்கள் தங்கிய பால் பண்ணையில் கழிந்த ஒரு காலை.

அது மார்ச் மாதம். அங்கே இலையுதிர் காலத்தின் தொடக்கம். மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. காலைக் கறவை முடிந்ததும் பண்ணைக்காரர் ரப்பர் பூட்ஸோடு, கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத் தகடு.

"புல் அளக்கப் போறேன், வர்றீங்களா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, வாரம் தவறாமல் செய்யும் வேலையாம்.

250 ஏக்கர் பண்ணை, 300 மாடுகள். நிலம் முழுவதையும் மின்வேலியால் நாற்பது அடைப்புகளாகப் பிரித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் குறுக்கே நடந்து, பத்தடிக்கு ஒருமுறை கம்பை ஊன்றுகிறார். புல் எவ்வளவு உயரமாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தகடு மேலே நிற்கும். அரை சென்டிமீட்டர் ஓர் எண். சராசரி எண்ணை 140-ஆல் பெருக்கி 500-ஐக் கூட்டினால், ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், ஈரம் நீங்கலாக எத்தனை கிலோ புல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எண் 15 என்றால் 2,600 கிலோ. மாட்டை உள்ளே விடலாம். 7-க்கு இறங்கினால் ஏறக்குறைய 1,500 கிலோ. மாட்டை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குக் கீழே கடிக்கவிட்டால் புல் மறுபடி தழைக்கத் தாமதமாகும்.

நடுவில் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிக் காட்டினார். அங்கே மேய்ச்சலுக்கு முக்கியமானது ரைகிராஸ். அதன் ஒரு தூரில் ஒரே சமயத்தில் மூன்று இலைகள்தான் உயிரோடு இருக்கும். நான்காவது வரும்போது முதல் இலை காய்ந்துவிடும். இரண்டு இலைக்கு முன்னால் மேய்த்தால் வேருக்குச் சேமிப்பு இல்லை. மூன்றைத் தாண்டவிட்டால் வளர்ந்த புல் வீண். வசந்தத்தில் ஓர் இலை வர ஒரு வாரம் போதும். அதனால் மூன்று வாரத்தில் பண்ணையை ஒரு சுற்று சுற்றி வரலாம். குளிர்காலத்தில் ஓர் இலைக்கே ஒரு மாதம்கூட ஆகும். அப்போது சுற்றை எண்பது, நூறு நாளாக நீட்ட வேண்டும்.

மாடுகளும் இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கின்றன. மந்தை முழுவதும் ஜூலை மத்தியில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் கன்று ஈன்றுவிடும். மடி நிறையப் பால் சுரக்கும் நாட்களும் புல் பொங்கி வரும் வசந்த நாட்களும் ஒன்றாக வர வேண்டுமே! வசந்தத்தில் மிஞ்சும் புல்லை வெட்டி, காற்றுப் புகாமல் மூடி, ஊறுகாய்ப் புல்லாக வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எண்களைக் கணினியில் ஏற்றினார். புல் அதிகமுள்ள அடைப்பு முதலில், குறைந்தது கடைசியில் என்று வரிசையாகக் கட்டங்கள். அவை மாடிப்படிபோல ஒரே சீராக இறங்க வேண்டுமாம். அன்று நடுவிலேயே குழி விழுந்திருந்தது. மாடு ஒன்றுக்கு நாளுக்கு 16 கிலோ என்று வைத்தால் ஹெக்டேருக்கு 48 கிலோ தேவை. அந்த வாரம் வளர்ந்ததோ 20 கிலோதான்.

"ஊறுகாய்ப் புல் இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"அதை இப்பவே தின்னுட்டா ஜூலைக்கு என்ன பண்றது?" என்றார்.

வறட்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோடை கடைசியில் கொஞ்சம் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், தரையோடு காய்ந்து கிடக்கும் புல்லில் ஒரு பூஞ்சை பெருகும். புல் குறைந்து, மாடு அடி வரை கடித்தால் அதன் விஷம் ஈரலைக் கெடுக்கும். வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். அதைத் தடுக்க மாடுகளுக்குத் துத்தநாகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2013 மார்ச்சில் வட தீவு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அரசு அறிவித்ததை இன்னும் பேசுகிறார்கள். இந்த வருஷம் அந்த அளவுக்கு இல்லை என்றார். ஆனாலும் முடிவு எடுத்தே ஆக வேண்டும். வழக்கமாக மே மாதம் வரை கறக்கலாம். இப்போதே சில மாடுகளின் பாலை வற்றவைத்தால், அவற்றின் தீனித் தேவை பாதியளவுக்குக் குறையும். உடம்பும் தேறும். ஆனால் அங்கே பாலின் கொழுப்பையும் புரதத்தையும் எடை போட்டுத்தான் காசு. கறக்காத மாட்டுக்கு அன்றிலிருந்து வருமானம் இல்லை. இரண்டு மாத வரும்படி!

அவர் மனைவி கணக்கு நோட்டைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "மெலிஞ்சு போனதையும் தலையீற்று மாடுகளையும் நிறுத்திடலாம்" என்று அவரே சொன்னார். கணவர் தலையாட்டினார்.

அன்று மாலைக் கறவையின்போது, கடைசியாகக் கறந்த அறுபது மாடுகளின் பின்னங்காலில் சிவப்புச் சாயம் பூசித் தனியே பிரித்தார்கள். அவை வேலிக்கு அப்பால் தூரத்து அடைப்புக்கு மெதுவாக நடந்தன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பண்ணைக்காரர் கதவைச் சாத்திவிட்டு, மேய்ந்து முடிந்திருந்த பக்கத்து அடைப்பில் கம்பை ஒருமுறை ஊன்றிப் பார்த்தார்.

"ஏழு. இது போதும், மழை வந்தா பிழைச்சுக்கும்" என்றார்.