கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பீர்கள்?

ஒரு பெண்ணை அவளுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காகக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். ஊரை விட்டுப் போகும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை என்று தெரிந்தே, என் எண்ணத்தை மறைத்து நிச்சயதார்த்தம் வரைக்கும் கொண்டுபோனேன்.

இப்படியும் நடக்குமா என்று காரைக்காலுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே இருந்து, எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்களானார்கள். அதனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வரும், பக்கத்து வீட்டுக்கு வராது. பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி வைப்பார்கள். கல்யாணப் பேச்சிலும் ஜாதகத்துக்கு முன்னால் 'நேஷனாலிட்டி இருக்கா' என்ற கேள்வி வரும் வீடுகள் உண்டு.

என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. நெடுங்காட்டுப் பக்கம் நிலம் இருந்தது, அதை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா" என்று வீட்டில் அடிக்கடி பேசுவார்கள். பெண் தேடத் தொடங்கியபோது அந்தப் பேச்சுதான் எனக்குச் சாக்கு. நம் குடும்பம் விட்டதை நான் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். தாத்தா எதையும் விடவில்லை. யோசித்து முடிவெடுத்தார். அதை மதிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது சென்னையில் மேனேஜ்மென்ட் கன்சல்டிங் வேலையில் இருந்தேன். நல்ல சம்பளம். மற்ற கம்பெனிகளுக்கு என்ன செய்யலாம், எதை மூடலாம் என்று சொல்வது தொழில். வெளிநாடு போக வழிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் எச்-1பி ஆண்டுக்கு 85,000 விசாக்கள்தான், அதுவும் குலுக்கல். என் பெயர் வரவில்லை. பிரான்சில் திறமையாளர்களுக்கென்று தனிக் குடியிருப்பு அனுமதி இருக்கிறது. ஆனால் கன்சல்டிங் என்பது பேச்சை நம்பி நடக்கும் தொழில். வாடிக்கையாளரிடம் பிரெஞ்சில் பேச முடியாதவனைப் பாரிஸ் அலுவலகம் எதற்காக எடுக்கும்? ஒழுங்காக உட்கார்ந்து மொழி படித்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை.

எக்செலில் ஒரு தாள் போட்டேன். ஒவ்வொரு வழிக்கும் செலவு, காலம், நிச்சயம் என்று மதிப்பெண். கடைசி வரிசையில் 'திருமணம்'. பிரெஞ்சுக் குடிமகளைக் கட்டிக்கொண்டு அங்கே போனால் வேலை பார்க்கும் உரிமை கிடைக்கும். நான்கு வருடம் கழித்துக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். கூட்டிப் பார்த்தால் அந்த வரிசைதான் முதலில் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் வெளிப்படையாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு முடியல. நான் காரைக்காலை விட்டு எங்கயும் வர மாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?" சம்மதம் என்றேன். சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல மனதை மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. எதிரில் இருப்பவர் தானே முடிவெடுத்ததாக நினைக்கும்படி பேச்சை நகர்த்தத் தொழிலில் பழகியிருந்தேன். தொழில் மேல் பழி போடவில்லை. அதே வேலையில் இருக்கும் எத்தனையோ பேர் வீட்டில் உண்மை பேசுகிறார்கள்.

பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே கல்யாணம் செய்வதென்றால் முன்கூட்டியே புதுச்சேரித் துணைத் தூதரகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். சீர்காழி, சிதம்பரம் வழியாக 130 கிலோமீட்டருக்கு மேல் அவள் அப்பாவோடு காரில் போனோம். வழியெல்லாம் அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

உள்ளே கேட்ட கேள்விகளில் ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பீர்கள் என்பது. காரைக்கால் என்று சொன்னால் பின்னால் விசா கேட்கும்போது சிக்கலாகுமோ என்று பயந்தேன். பாரிஸ் என்றேன். வேலை, வாடகை என்று விவரமாகவும் சொன்னேன். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த அவள் காரைக்கால் என்று சொல்லியிருந்தாள்.

வெளியே வந்ததும் அந்தக் கேள்விக்கு என்ன சொன்னேன் என்று அவளே கேட்டாள். பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம், "கிளம்பலாம்பா" என்றாள். நான் பஸ்ஸில் திரும்பினேன்.

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா, காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் கதையைச் சொல்லும் விழா. புனிதவதியாரின் கணவன் பரமதத்தன், மனசில் இருப்பதைச் சொல்லாமல் வாணிபத்துக்கென்று கப்பலேறி, வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டவன். சின்ன வயதில் அவன் மேல் எனக்குக் கோபம். ஆனால் மனைவியைத் தெய்வமென்று கண்டு அஞ்சி விலகியவன் அவன். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பிறகு சிங்கப்பூரில், யார் பாஸ்போர்ட்டும் தேவைப்படாமல், சாதாரண வேலை அனுமதியில் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பெண் வீட்டார் பிரெஞ்சுத் திமிரில் பின்வாங்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அதை நான் கிளப்பவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. சொந்தக்காரர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டபோது தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அவளுக்கு அடுத்து வந்த வரன்கள் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள், அல்லது வராமல் போயிருப்பார்கள். அவள் மேலும் அவள் குடும்பத்தின் மேலும் எந்தக் குற்றமும் இல்லை. நிச்சயம் முறிந்தது என்னால்.

போன வாரம்தான் அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் அம்மா பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையோட அம்மா கோயில்ல எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேனேடா" என்றாள். நீங்கள் போய் அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"நான் எதுக்குப் போறேன்? நீ வந்து சொல்லு."

மாங்கனிக்கு வரும்போது போகிறேன் என்றேன்.

"அதுவரைக்கும் எதுக்கு?" என்றாள்.