மலையில்லாத ஊரில் ஒரு மவுண்டன் பைக்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை எண்டு பேரளவில் ஒன்று இருக்கு, அங்கேயும் ஏற ஒன்றுமில்லை, கேணிக்குள் இறங்கத்தான் வேணும். அதனால் நாங்கள் மூன்று பேரும் காசு சேர்த்து ஒரு மவுண்டன் பைக் வாங்கப்போறம் எண்டு சொன்ன நாளிலிருந்து கம்பஸில் பகிடிக்குக் குறைவில்லை.

காரணம் இதுதான். எங்களில் ஒருத்தி இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகள். வலை விடியப்புறத்தில் இழுபடும். அந்த நேரத்துக்கு மணற்காட்டுப் பக்கம் பஸ் இல்லை. ஒவ்வொரு கிழமையும் ஆட்டோ பிடிக்க மகாபொலக் காசு காணாது. "கிட்டடியில் ஒரு தலைப்பை எடுங்கோ பிள்ளை" எண்டு மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். முடிவு சொல்ல மூன்று கிழமை தவணை. அப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிளில் முதலில் போய்ப் பார்த்தாள். மெல்லிய ரயர் மணலில் கத்தி மாதிரி இறங்கினது. பாதி வழி சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர, வலை கரையேறி மீனும் பிரிச்சு முடிஞ்சுது.

கடைக்குப் போனோம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த, பளபளக்கிற ஒன்றைத்தான் முதலில் காட்டினார்கள். பார்க்க வடிவுதான். ஆனால் மலிவு விலையில் இரட்டை ஸ்பிரிங் எண்டால் பாரம் கூட, மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைப் பின் ஸ்பிரிங்கே குந்தி எழும்பித் தின்றுவிடும். அதே காசுக்கு முன்னுக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ள, நல்ல பிறேம் கொண்ட பைக் பெரிய தேவலை. 2022 நெருக்கடிக்குப் பிறகு புதுச் சைக்கிள் விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. (அந்த வருசம் ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் ஒரே கிழமையில் தெருவுக்கு வந்தன. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவர்களுக்கு அது புதினமாக இருந்திருக்காது.)

கடைசியில் கொக்குவிலில் ஒரு வீட்டில் கிடைத்தது. மகன் வெளிநாடு போனபிறகு படங்கு போட்டு மூடி வைத்திருந்த அலுமினியப் பிறேம். 26 அங்குலச் சில்லு, முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஏழு பற்சில்லு, ரப்பர் கட்டை பிடிக்கிற வீ-பிறேக். உலகக் குறொஸ்கன்றிப் போட்டிகளில் இப்ப 29 அங்குலம்தான் ஆட்சி. ஆனால் 26 ரியூப் இங்கே எந்தச் சந்திக் கடையிலும் தொங்கும். எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க் பிறேக் நெல்லியடியில் பழுதானால் யாரிடம் போவது? வாங்கும்போது நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது வழியில் உடைஞ்சால் வழியிலேயே திருத்தலாமோ? காத்தடிக்கிற வோல்வும் அப்படியே. மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற தடிச்ச வோல்வ் எண்டால் எங்கேயும் காத்தடிக்கலாம்.

மூன்று பேரும் மூன்று உயரம். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நேராக நிற்க வேணும், அதுதான் சீற்றின் உயரம். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்து சரியாக வரும். ஒவ்வொருத்தரின் அளவையும் சீற் தண்டில் நெயில் பொலிஷால் கீறினோம்: சிவப்பு, ஊதா, மினுக்கம். மினுக்கம் உயர்ந்தவளுக்கு. தண்டில் கம்பனி போட்ட எல்லைக் கோட்டுக்கு மேலே அது போகவில்லை எண்டு பார்த்த பிறகுதான் ஓட விட்டோம்.

முதல் மாற்றினது ரயர், 2.1 அங்குல அகலம், குமிழ் வைத்தது. காசு குறைவாக இருக்கிற ஆருக்கும் நாங்கள் சொல்வது: வேறெதையும் தொட முதல் ரயரைத் தொடுங்கோ. தார் றோட்டில் 45 பீஎஸ்ஐ அடிப்போம். பருத்தித்துறை தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் நின்று, ரயரைப் பெருவிரலால் அமத்தினால் தாழும் அளவுக்குக் காத்தைத் திறந்து விடுவோம், ஏறக்குறைய 20. ரயர் அகன்று மணலுக்கு மேலே நிற்கும். அதே காத்தோடு சுண்ணாம்புக்கல் ஒழுங்கையில் ஏறினால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசிந்து பாம்பு கொத்தினது மாதிரி இரண்டு ஓட்டை. இரண்டு தரம் பட்டுத்தான் தெளிந்தோம். ஆகவே கைப்பம்ப் கட்டாயம்.

இனி நாங்கள் விட்ட பிழை. முன் போர்க்கின் ஸ்பிரிங் உப்புக்காத்தில் இறுகிப் போயிருந்தது. காத்துப் போர்க் கொழும்பில் கேட்டோம், பைக்கின் விலையைவிடக் கூட. அப்ப ஒருத்தி சொன்னாள், ஸ்பிரிங் இல்லாத இரும்புப் போர்க் போட்டால் பாரமும் குறையும், துருவும் பிரச்சினையில்லை எண்டு. யோசனை பிழையில்லை. கடையில் கிடந்த 26 அங்குலப் போர்க் ஒன்றை வாங்கி நாங்களே பூட்டினோம். அளக்கவில்லை. பழையது அச்சிலிருந்து கழுத்து வரைக்கும் 45 சென்ரிமீற்றர், புதியது 40க்கும் குறைவு. ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே கழுத்தின் சரிவு ஒரு பாகை நிமிர்ந்துவிடும். எங்கட பைக் மூக்குக் குத்தி நின்றது, ஹாண்டில் தொட்டால் திரும்பினது.

ஆய்வுக்காரிதான் அடுத்த சனிக்கிழமை அதில் போனாள். சவுக்குக் காட்டு வளைவில் முன்சில்லு மணலில் மடங்கி, ஹாண்டிலுக்கு மேலால் விழுந்தாள். முழங்கை தோல் கழன்றது. போன் திரை நொருங்கிச் செத்தது. முதல் இரண்டு கிழமைப் பதிவுகள் அதற்குள்தான், வேறெங்கும் ஏற்றி வைக்கவில்லை. போர்க்கை வாங்குவோம் எண்டு சொன்னவள் அன்றிரவு சாப்பிடவில்லை. "அளந்திருக்கலாம்" எண்டு ஆரும் வாய் திறந்து சொல்லவுமில்லை. திங்கட்கிழமை போன் கடையில் திரை மாற்றினபிறகு பதிவுகள் இருந்தன. ஒன்று மட்டும் திறக்கவில்லை. அதில் இருந்தது எழுபது தாண்டிய ஒரு ஐயா பாடினது.

பழைய போர்க்கைக் கழற்றி, துருவை மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் தேய்த்து, கிறீஸ் அடைத்துத் திரும்பப் பூட்டினோம். முழுசாகக் குந்தாது, ஆனால் அளவு சரி. கிறீஸ் எண்டதும் ஒரு கதை. 1976இல் கலிபோர்னியாவில், மரின் கவுண்டியில், பழைய ஷ்வின் சைக்கிள்களை மலையிலிருந்து விழுத்தி ஓடிய பெடியள்தான் இந்த விளையாட்டைத் தொடக்கினவை. பின்னுக்கு மிதித்துப் பிடிக்கிற பிறேக் சூட்டில் கிறீஸ் எரிந்து போக, ஒவ்வொரு தரமும் புதுசாக அடைக்க வேண்டி வந்தது. அதாலேயே அந்தப் போட்டிக்கு 'றீபாக்' எண்டு பேர். 20 வருசத்தில், 1996இல், அற்லாண்டா ஒலிம்பிக்கில் குறொஸ்கன்றி சேர்ந்துவிட்டது. நாங்கள் மணலுக்குப் போய்வந்த ஒவ்வொரு மாதமும் அச்சைக் கழற்றி, போல்ஸைத் துடைத்துக் கிறீஸ் அடைக்கிறோம். செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் போடக்கூடாது, மணலைப் பசை மாதிரிப் பிடிக்கும். தையல் மெசின் ஒயில் ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைப்பு.

இவ்வளவு கியரும் மலையில்லாத ஊரில் எதுக்கு எண்டு கேட்டவைக்குப் பதில் வல்லை வெளியில் இருக்கு. வைகாசியிலிருந்து சோழகம் அடிக்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பருத்தித்துறைக்குப் போறது சுகம், காத்தே தள்ளிவிடும். ஞாயிறு திரும்பும்போது அந்த வெளியில் மரமுமில்லை, மதிலுமில்லை, காத்து நேரே நெஞ்சில். அப்பாவின் சைக்கிள் ஒரு மிதிக்கு ஐந்து மீற்றருக்கு மேல் போக நினைக்கும், காத்து விடாது. இதில் முன்னுக்குச் சின்னப் பற்சில்லு, பின்னுக்குப் பெரியது எண்டால் ஒரு மிதிக்கு இரண்டு மீற்றருக்கும் குறைவு. ஆமை வேகம்தான், ஆனால் இறங்கி உருட்டத் தேவையில்லை. கைமுட்டியை மடித்துக் குனிந்துகொண்டு பாலத்தைத் தாண்டினால் மிச்சம் வீடுதான்.

தலைப்பை மாற்றவில்லை. போன மாதம் அவள் அந்த ஐயாவைத் திரும்பத் தேடிப் போனாள். வலை இழுத்துக் களைத்திருந்தவர், முதலில் பைக்கின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தார். "இது ஏன் பிள்ளை பாதியில நிக்குது?" துரு எண்டு சொன்னாள். அவர் தன் போட் எஞ்சினுக்குப் போடுகிற கிறீஸை ஒரு சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பாடத் தொடங்கினார். இந்த முறை பதிவை அன்றிரவே மூன்று இடத்தில் ஏற்றி வைத்தோம். கிறீஸ் இன்னும் அடைக்கவில்லை, பையோடு கரியரில் தொங்குது.