பந்து பள்ளத்தில் போனால் அவுட்!

2022-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி இரவு. கோயமுத்தூர் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். மறு பக்கம் லைகா கோவை கிங்ஸ். கோவை ஆடி முடித்து, சேப்பாக் மட்டையைப் பிடித்துச் சில ஓவர்கூட ஆகவில்லை. வருண பகவான் மைதானத்தில் இறங்கிவிட்டார். கடைசியில் கோப்பை இருவருக்கும் பொது என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் தம்பிக்குள் வீட்டைப் பாகம் பிரிக்கலாம். கோப்பையை எப்படிப் பிரிப்பது?

பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த பெரியவர், பாலக்காட்டுக் கணவாய் இருக்கும் திசையைக் கைகாட்டி, "இந்த மேகமெல்லாம் அந்த வழியா வருதுங்க. நமக்குத் தூறல், மலைக்கு அடைமழை" என்றார். ஆட்டம்தான் கெட்டது, மலையையாவது பார்ப்போமே என்று மறுநாள் காலையில் குன்னூருக்குப் பஸ் ஏறினேன்.

மலை ரயிலில் போகத்தான் ஆசை. 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் உதகைக்கும் வந்து சேர்ந்த ரயில் அது. பல்சக்கரத்தைத் தண்டவாளத்தில் கவ்விக்கொண்டு, எஞ்சின் பின்னால் நின்று தள்ள, குழந்தை தவழ்கிற மாதிரி மலை ஏறும். ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே! கல்லாறு தாண்டியதும் பாக்குத் தோப்புகள் கீழே போயின. 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதற்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சிநேகிதர் குமாஸ்தா. மழை சற்று ஓய்ந்த சாயங்காலம், லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், கிரிக்கெட்!

மைதானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கூடத்தின் அளவுக்குச் சமதளம். இடப் பக்கம் மேடு, வலப் பக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலைச் செடி. மேட்டுப் பக்கம் அடித்தால் பந்து தானே உருண்டு திரும்பி வந்துவிடும். அதற்கு இரண்டு ரன். பள்ளத்துப் பக்கம் அடித்தால் அடித்தவர் அவுட். அவுட் ஆனது போதாதென்று அவரே இறங்கிப் பந்தைத் தேடி எடுத்துவர வேண்டும். அட்டை கடித்தாலும் அதற்குத் தனி ரன் கிடையாது. ஆகவே எல்லாப் பையன்களும் நூல் பிடித்தாற்போல் நேராக அடிக்கிறார்கள். வேறு எந்தப் பயிற்சியாளர் இப்படிக் கற்றுத் தர முடியும்?

மலையில் சமதளம் என்பது தங்கம். உதகை நகரின் நடுவே உள்ள பெரிய சமதளத்தில் நெடுங்காலம் பந்தயக் குதிரைகள் ஓடின. 2024-ல்தான் அது அரசு வசம் வந்தது. வெலிங்டனில் பட்டாளத்து மைதானங்கள் உண்டு. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக்கு உண்டு. இமாசலத்தில் சைல் என்ற ஊரில் 1893-லேயே பாட்டியாலா மகாராஜா மலை உச்சியைச் சமப்படுத்தி, 2,444 மீட்டர் உயரத்தில் கிரிக்கெட் மைதானம் அமைத்தார். மகாராஜாவுக்கு மலையைச் செதுக்க முடியும். லயன் வீட்டுப் பையன்கள் என்ன செய்வார்கள்?

பையன்கள் என்றேனே, பந்து வீசியது ஒரு பெண். பதின்மூன்று வயது இருக்கும். பள்ளிக்கூடப் பாவாடைக்குக் கீழே அண்ணனுடைய கால்சராய், இடது கை. ஓடிவர இடமில்லாததால் இரண்டே எட்டு வைத்து வீசினாள். பந்து ஈரத் தரையில் குத்தி, சரிவைப் பார்த்துத் திரும்பியது. மூன்று பேரைப் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், நேத்து மேட்ச் பார்த்தீங்களாமே! ஷாருக் கான் அண்ணா நிஜமாவே அவ்வளவு உயரமா?"

பம்பாய் நடிகருக்கும் கோயமுத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். கோவை அணித் தலைவரின் பெயரும் அதுதான் என்பது நினைவுக்கு வர அரை நிமிஷம் ஆயிற்று. அதற்குள் என் மதிப்பு பாதி இறங்கிவிட்டது.

அணிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். 2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு அணிகளோடு தொடங்கிய பந்தயம் இது. ஆளுக்கு 20 ஓவர். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இதில் ஆடித்தான் வெளியே தெரிந்தார். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். பிறகு ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கே பந்து வீசினார். திண்டுக்கல், மதுரை, நெல்லை, திருச்சி, சேலம் என்று ஊர்ப் பெயர்கள். நீலகிரிக்கு மட்டும் அணி இல்லை. இருந்தால் 'வரையாடுகள்' என்று பெயர் வைக்கலாம். சரிவில் நிற்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை!

கொழுந்தை எடை போட்டுவிட்டு அவள் தாயார் வந்தார். டீ கொடுத்தபடி, "ஐயா, இந்த ஆட்டத்துல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு டீம் இருக்குதுங்களா?" என்றார்.

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்புறம் எதுக்குங்க? கோயமுத்தூர் போய்ப் பழகணுமாம். பஸ்ஸுக்கு, தங்க, சாப்பிட... ஒரு நாள் கூலியில ஆகுற காரியமா?"

மூலையில் கம்பளியைப் போர்த்தியிருந்த பாட்டி குறுக்கிட்டார். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அது. "அங்கே துரைமாருங்க வெள்ளை உடுப்பிலே ஆடுவாங்க தம்பி. நாங்க வேலி ஓரமா நின்னா கங்காணி விரட்டுவான். தலைமன்னார்ல கப்பல் ஏறி இம்புட்டுத் தூரம் வந்தோம். இவ கோயமுத்தூர் போனா என்ன குறைஞ்சு போச்சு?"

தாயார் பதில் பேசவில்லை, என்னிடம், "அந்தப் பந்து என்ன கனம் இருக்கும்?" என்று கேட்டார். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம். பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம்தான் என்றேன். "அவ்வளவுதானா?" என்று முதுகுச் சாக்கை இறக்கி வைத்தார்.

அடுத்த வருஷமே, 2023-ல், பெண்களுக்கான பிரீமியர் லீக் ஐந்து அணிகளோடு ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டின் பெயரில் அதில் ஓர் அணிகூட இல்லை என்பது எனக்கு இன்னமும் மனத்தாங்கல். ஆனால் 2024 டிசம்பர் ஏலத்தில், மதுரைப் பெண் கமலினியைப் பதினாறு வயதில் மும்பை அணி 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. செய்தி வந்த இரண்டாம் நாள் குன்னூரிலிருந்து டெலிபோன். மகள் பேசவில்லை, தாயார்தான்.

"ஐயா, தோட்டத்துச் சீட்டுப் பணத்துல மட்டை ஒண்ணு வாங்கியாச்சு. கடைக்காரன் எண்ணெய் தடவச் சொன்னான். தேங்காய் எண்ணெய் ஆகுமா?"

ஆளிவிதை எண்ணெய்தான் தடவ வேண்டும் என்றேன். அது எங்கே கிடைக்கும் என்று கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.